இருட்டியதும் தானாக ஒளிரும் கேம் பாய்: கண்ணை எங்கே வைப்பது?

[காட்சி: கோலாலம்பூர், செந்தூல். அடுக்குமாடி வீடு, ஜன்னலோர மேசை. ஒளி ஊடுருவும் உறை போட்ட கேம் பாய்.]

வணக்கம். கோலாலம்பூரில் பொழுது சாயும் நேரம் வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில் சூரியன் இறங்கிவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் அந்தி நீளாது, மளமளவென்று இருட்டிவிடும். அந்த நேரம் பார்த்து, கையில் இருக்கும் கேம் பாய், நின்டெண்டோவின் அந்தப் பழைய கையடக்க விளையாட்டுப் பெட்டி, தானாகவே இருட்டை உணர்ந்து பட்டன்களைச் சுற்றி மெல்ல ஒளிர ஆரம்பித்தால்? அதைத்தான் இன்று செய்யப் போகிறோம். மைக்ரோ கன்ட்ரோலர் வேண்டாம், புரோகிராம் எழுத வேண்டாம். எட்டே எட்டு பாகங்கள்.

1989இல் வந்த முதல் கேம் பாயில் திரைக்கு விளக்கே கிடையாது. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யொகோய், பேட்டரி நீடிக்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அவர் கணக்கு சரிதான் என்பதை அடுத்த வருஷமே வந்த சேகா கேம் கியர் காட்டியது. கலர் திரை, பின்னால் விளக்கு, பார்க்க அருமை. ஆனால் ஆறு டபுள் ஏ பேட்டரியை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 1998இல் கேம் பாய் லைட் என்று விளக்கு வைத்த ஒன்று வந்தது, அதுவும் ஜப்பானில் மட்டும்.

ஆகவே இதில் விளக்கு வைக்கிறவர் முதலில் பேட்டரியை மதிக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் எரியட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். திரைக்குப் பின்னால் வைக்கும் பேக்லைட்டை இந்த முறையில் இணைக்காதீர்கள். பேக்லைட் வைக்கத் திரையின் பின்னால் ஒட்டியிருக்கும் பிரதிபலிப்புத் தாளை உரித்துவிடுகிறோம். உரித்த பிறகு பகல் வெளிச்சத்திலும் அந்த விளக்கு இல்லாமல் திரை சரியாகத் தெரியாது. அதனால் பேக்லைட் எப்போதும் எரிய வேண்டியதுதான். நாம் செய்வது உறைக்குள் பட்டன் பக்கம் வைக்கும் விளக்கு. இதற்கு ஒளி ஊடுருவும் மாற்று உறையும் பட்டன்களும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சாம்பல் உறையைத் துளைக்காமல் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது இனிமேல் கிடைக்காது.

[காட்சி: விரல் நுனியில் ஒரு எல்டிஆர். நெருக்கத்தில்.]

சரி, இதுதான் நம் கண். எல்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறும் ரெசிஸ்டர். வட்டமான சிறிய தலையில் வளைந்து வளைந்து ஓடும் கோடு தெரிகிறதா? அது காட்மியம் சல்ஃபைடு. வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும், இருட்டினால் கூடும். ஜிஎல்5528 என்ற ரகம் 10 லக்ஸ் வெளிச்சத்தில் 10 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டும். முழு இருட்டில் பத்து லட்சம் ஓம், அதாவது ஒரு மெகா ஓம். வீட்டு ஹாலில் விளக்குப் போட்டால் சுமார் 100 லக்ஸ், அப்போது சில கிலோ ஓம்தான் இருக்கும். நமக்கு வேண்டிய எல்லை அந்த 10 லக்ஸ் பக்கம். சூரியன் இறங்கி, இன்னும் விளக்குப் போடாத அறை.

[காட்சி: கையால் வரைந்த சுற்றுப்படம்.]

இப்போது சுற்று. ஐந்து வோல்ட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதோடு தொடராக 100 கிலோ ஓம் டிரிம்மர், திருகினால் தடை மாறும் ரெசிஸ்டர். டிரிம்மர் மேல் 104 என்று அச்சடித்திருக்கும். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: பேஸ், எமிட்டர், கலெக்டர். இரண்டும் சேர்ந்து அதன் பேஸுக்கு வருகின்றன. அதே பேஸிலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது மைனஸ் பக்கத்துக்கு, எல்டிஆர். எமிட்டர் நேராக கிரவுண்டுக்கு. கலெக்டரில் இரண்டு வெள்ளை எல்இடி, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு 470 ஓம். எல்இடியின் நீளக் கால் ஐந்து வோல்ட் பக்கம். அவ்வளவுதான்.

இது எப்படி முடிவெடுக்கிறது? டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ள பேஸில் சுமார் 0.65 வோல்ட் வேண்டும். வெளிச்சத்தில் எல்டிஆர் தடை குறைவு, அதனால் பேஸுக்கு வர வேண்டிய மின்னோட்டத்தை அதுவே கிரவுண்டுக்கு இழுத்துவிடும். டிரான்சிஸ்டர் தூங்கும். இருட்ட இருட்ட எல்டிஆர் வழி அடைபடும், பேஸ் வோல்டேஜ் ஏறும், 0.65ஐத் தொட்டதும் எல்இடி எரியத் தொடங்கும். கணக்குப் போட்டால், மேலே இருக்கும் தடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு எல்டிஆரில் வரும்போது அது நடக்கும். மேலே 100 கிலோ ஓம் என்றால் எல்டிஆர் 15 கிலோ ஓம். 15 கிலோ ஓம் என்றால் 10 லக்ஸ் பக்கம். நாம் கேட்ட அதே இடம்.

அந்த 10 கிலோ ஓமை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிரிம்மரை ஒரு கோடிக்குத் திருப்பினால் அதன் தடை பூஜ்யம். இடையில் எதுவும் இல்லையென்றால் ஐந்து வோல்ட்டும் நேராக பேஸில் போய் டிரான்சிஸ்டரைக் கருக்கிவிடும்.

டிரான்சிஸ்டர் பிசி547. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். பி அல்லது சி வாங்குங்கள், ஏ வேண்டாம். முழு இருட்டில் பேஸுக்கு வருவது வெறும் 40 மைக்ரோ ஆம்பியர்தான். அதைக் குறைந்தது 200 மடங்கு பெருக்கினால்தான் இரண்டு எல்இடிக்கும் சேர்த்து வேண்டிய 8 மில்லி ஆம்பியர் கிடைக்கும். ஏ ரகத்தில் அந்தப் பெருக்கம் உறுதியில்லை. கேம் பாயின் பின்பக்க லேபிளில் 6 வோல்ட், 0.7 வாட் என்று போட்டிருக்கும், அதாவது சுமார் 117 மில்லி ஆம்பியர். நாம் கூட்டுவது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. யொகோய் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

பிசி547இன் தட்டையான முகம் நம்மைப் பார்த்து இருக்கும்போது, இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 வாங்கினால் அதில் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறி இருக்கும். அதைக் கவனியுங்கள்.

இதெல்லாம் கிடைக்கும் இடம் கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புடுவில் ஜாலான் பாசார். எலக்ட்ரானிக் பாகக் கடைகள் வரிசையாக இருக்கும். எண்ணைச் சொன்னால் போதும், டிராயரை இழுத்து எடுத்துக் கொடுப்பார்கள். எல்டிஆரை மட்டும் இரண்டு மூன்று கூடுதலாக வாங்குங்கள். ஒரே ரகத்திலும் ஒன்றுக்கொன்று அளவு மாறும். வீட்டில் மல்டிமீட்டரில் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். உடைக்கவோ அரத்தால் தேய்க்கவோ வேண்டாம், காட்மியம் நச்சு. மற்றபடி தொட்டால் ஒன்றும் ஆகாது.

[காட்சி: பேட்டரிகள் வெளியே. மூன்று கீற்றுத் தலையுள்ள ஸ்க்ரூ.]

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறக்கலாம். பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ: நான்கு வெளியே, இரண்டு பேட்டரி அறைக்குள். முன்பாதியையும் பின்பாதியையும் ஒரு மெல்லிய ரிப்பன் இணைக்கிறது. படாரென்று பிரிக்காதீர்கள், அது கிழிந்தால் வேலை பெரிதாகிவிடும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? பேட்டரி முனையிலிருந்து நேராக எடுத்தால் கேம் பாயை அணைத்து அலமாரியில் வைத்த பிறகும், உள்ளே இருட்டு என்பதால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். காலையில் பேட்டரி காலி. அதனால் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் இடம் வேண்டும். கார்ட்ரிட்ஜ் சொருகும் கனெக்டரில் 32 கால்கள். முதல் கால் ஐந்து வோல்ட், 32ஆவது கால் கிரவுண்ட். கேம் பாய் ஓடும்போது மட்டும் அங்கே மின்சாரம் வரும். மல்டிமீட்டரால் ஒரு முறை சரிபார்த்துவிட்டு, மெல்லிய கம்பியால் சால்டர் செய்யுங்கள்.

இதுவரை சொன்னது எளிது. இனிமேல்தான் விஷயம். இந்தக் கண்ணை எங்கே வைப்பது?

விளையாடும்போது இடது கட்டைவிரல் திசை பட்டனில், வலது கட்டைவிரல் ஏ, பி பட்டன்களில். கீழ்ப்பாதி முழுக்கக் கை மூடிக்கொள்ளும். அங்கே எல்டிஆர் வைத்தால் அது பார்ப்பது அறையின் இருட்டை அல்ல, உங்கள் கை நிழலை. ஆக மேல் பாதி. திரையின் இடப்பக்கம் ஏற்கெனவே ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது, பேட்டரியைக் காட்டுவது. அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மிஞ்சுவது வலது மேல் மூலை. கூரை விளக்கும் ஜன்னல் வெளிச்சமும் நன்றாக விழும் இடம்.

ஆனால் உறை முழுக்க ஒளி ஊடுருவுவது. நம் எல்இடி வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே பரவி எல்டிஆருக்கு வந்து சேரும். அப்போது இருட்டுகிறது, விளக்கு எரிகிறது, கண் அந்த விளக்கையே பார்த்து "வெளிச்சம் வந்துவிட்டது" என்று நினைக்கிறது, விளக்கைக் குறைக்கிறது. ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்று இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றுவிடும். அரைகுறையாக மங்கலாக எரியும். பேட்டரி தீர்ந்துவிட்டதோ, எல்இடி மட்டமோ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கோளாறு எதுவும் இல்லை, கண் தப்பான இடத்தைப் பார்க்கிறது.

[காட்சி: எல்டிஆரின் பின்பக்கம். டார்ச் வெளிச்சம் பட, மீட்டரில் எண் சரிகிறது.]

இங்கே பாருங்கள். எல்டிஆரின் முகத்தைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டேன். பின்பக்கம் டார்ச் அடிக்கிறேன். மீட்டரில் தடை இறங்குகிறது. முதுகு வழியாகவும் கால்களின் ஓரத்திலும் வெளிச்சம் கசிகிறது. அதனால் பக்கவாட்டை மட்டும் மூடினால் போதாது. சூடு பட்டால் சுருங்கும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் டியூபில் எல்டிஆரை நுழைத்து, முகத்துக்கு முன்னால் கொஞ்சம் குழாய் நீண்டு நிற்கும்படி விட்டுச் சுருக்குங்கள். பின்னால் கால்கள் வெளிவரும் இடத்தையும் கறுப்பு டேப்பால் அடைத்துவிடுங்கள். குழாயின் வாய் உறையில் ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் அந்த வழியாக எல்இடி வெளிச்சம் திரும்பி வரும்.

வெள்ளைக்குப் பதில் சிவப்பு எல்இடி வைத்தால் இந்தத் தொல்லை இன்னும் குறையும். நம் கண்ணைப் போலவே எல்டிஆரும் பச்சையைத்தான் அதிகம் உணர்கிறது, சிவப்பைக் குறைவாக. இரவில் கூசாத நிறமும் அதுதான். எனக்குப் பிடித்ததும் அதுவே. சிவப்புக்கு இரண்டு வோல்ட் போதும் என்பதால் 470 ஓமுக்குப் பதில் 680 ஓம் போடுங்கள்.

ஒளி படிப்படியாக ஏறாமல் சட்டென்று எரிய வேண்டும் என்று சிலர் எல்எம்393 கம்பேரேட்டர், அதாவது இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் சில்லு, சேர்ப்பார்கள். அதில் இந்தக் கசிவு இருந்தால் மங்கல் அல்ல, விளக்கு படபடவென்று துடிக்கும். கையில் பிடித்து விளையாடும் பெட்டிக்கு மெல்ல ஏறும் வெளிச்சமே அழகு என்பது என் கருத்து.

[காட்சி: மாலை. ஜன்னலுக்கு வெளியே வானம் மங்குகிறது.]

அப்புறம் அளவு வைப்பது. மாலை ஏழு மணிக்கு விளக்குப் போடாமல் ஜன்னலோரம் உட்காருங்கள். டிரிம்மரின் தடையைக் குறைத்தால் விளக்கு சீக்கிரம் எரியும், கூட்டினால் தாமதமாக. கொஞ்சம் திருப்பி, உறையை மூடிப் பாருங்கள். திறந்த உறையில் வைத்த அளவு மூடியதும் மாறும்.

அடுத்த நாள் கிளானா ஜெயா எல்ஆர்டியில் எடுத்துப் போங்கள். பாசார் செனி நிலையத்தைத் தாண்டியதும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கி மஸ்ஜித் ஜாமெக் போகும். ஜன்னல் இருண்டாலும் பெட்டிக்குள் விளக்கு இருக்கிறது, அது 10 லக்ஸுக்கு நிறையவே மேல். அங்கே கேம் பாய் ஒளிர்ந்தால் அளவு தப்பு, டிரிம்மரின் தடையை இன்னும் கூட்ட வேண்டும். சுரங்கத்தில் சும்மா இருந்து, வீட்டில் விளக்கணைத்த அறையில் எரிந்தால் சரியான அளவு. டிரிம்மரின் திருகில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காயவிட்டு, ஆறு ஸ்க்ரூவையும் முடுக்கிவிடுங்கள்.