வெயிலைத் தேடிப் போட்ட மேசை

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்காரருக்கு நான் அமைத்துக் கொடுத்த முதல் தோட்டத்தில், சாப்பாட்டு மேசையைச் சமையலறைக் கதவையொட்டிப் போட்டேன். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். விருந்து நாளில் மாலை ஆறு மணிக்கே அந்த இடத்தில் நிழல் விழுந்து குளிரடித்தது. வந்தவர்கள் எல்லோரும் கிளாஸும் கையுமாகப் புல்வெளியின் கோடியில், வெயில் மிச்சமிருந்த மூலையில் போய் நின்றுகொண்டார்கள். நிழல் தேடி உட்காரும் ஊரில் வளர்ந்தவன் செய்கிற தப்பு அது. அங்கே ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் இருக்கும். அந்த வெயில் எங்கே விழுகிறதோ அங்கேதான் மேசை.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கென்ட் பகுதியிலுள்ள சிசிங்ஹர்ஸ்ட் தோட்டம்தான் நினைவுக்கு வரும். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹரால்ட் நிக்கல்சனும் 1930-இல் அதை வாங்கியபோது, பழைய மாளிகை ஒன்றின் இடிபாடுதான் மிஞ்சியிருந்தது. எஞ்சிய கட்டடங்களும் தள்ளித் தள்ளி நின்றன. படுக்கை ஒன்றில், சமையலும் சாப்பாடும் இன்னொன்றில், வீட்டாவின் எழுத்தறை கோபுரத்தில். மழை பெய்தாலும் தோட்டத்தைக் கடந்துதான் சாப்பிடப் போக வேண்டும்.

ஹரால்ட் கோடு போட்டார்: நேரான பாதைகள், சுவர்கள், யூ (yew) என்ற பசுமைமாறா மரத்தை நெருக்கமாக நட்டு வளர்த்த வேலிகள் என்று தோட்டத்தை அறை அறையாகப் பிரித்தார். அந்தக் கட்டுக்குள் செடிகளை வழியவிட்டவர் வீட்டா. வேலி வெறும் அழகுக்கு இல்லை. மதிலில் மோதுகிற காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று விழுந்து மேசை விரிப்பைத் தூக்கும். உயிர்வேலி காற்றைச் சல்லடைபோல் தணித்து அனுப்பும். ஆனால் யூ மரத்தின் இலையும் விதையும் விஷம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் நான் பீச் (beech) மர வேலிதான் வைப்பேன்.

சாப்பாட்டுக் கட்டடத்தையொட்டித் தூண்கள் நட்டு, திராட்சைக்கொடி படரவிட்ட பந்தல் ஒன்று உண்டு. கோடையில் குடும்பம் சாப்பிட்டது அங்கேதான். பக்கத்திலேயே, 1950 வாக்கில் உருவான புகழ்பெற்ற வெள்ளைத் தோட்டம்: வெள்ளை ரோஜா, வெள்ளை லில்லி, வெள்ளி பூத்த இலைகள். பொழுது சாயும்போது சிவப்புப் பூ முதலில் கறுத்துவிடும்; வெள்ளை கடைசிவரை கண்ணுக்குத் தெரியும். அந்தியை மனதில் வைத்துத்தான் வீட்டா அதைத் திட்டமிட்டார். இவ்வளவு செய்தவர்கள் விருந்தினர் தங்க ஓர் அறைகூட வைக்கவில்லை என்பது வேறு விஷயம். சாப்பிட்டீர்களா, கிளம்புங்கள்!

அப்புறம், அளவு. மேசையைச் சுற்றி ஒரு மீட்டராவது விடுங்கள். இல்லாவிட்டால் நாற்காலியைப் பின்னால் இழுத்ததும் அதன் கால் பூப்பாத்திக்குள் இறங்கிவிடும். கல் தளத்தை வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக லேசாகச் சரித்துப் போட வேண்டும். அந்த ஊர் மழையில் தண்ணீர் தேங்கினால் பாசி பிடித்து வழுக்கும்.

முதலில் சொன்ன மேசையை மறு வருடம் என் செலவிலேயே வெயில் மூலைக்கு மாற்றிப் போட்டேன். சமையலறையிலிருந்து முப்பது தப்படி. சூப் ஆறிப்போகிறது என்று அந்த வீட்டம்மா இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வார், அதே மேசையில் உட்கார்ந்தபடி.