கம்ப்யூட்டர்ல கால் வந்ததும் தம்பூரா ஏன் அடங்கிப் போகுது? அம்மாவோட பாட்டு கிளாஸும் வால்யூம் மிக்ஸரும்

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். இன்னைக்கு நான் பேசுறது என் ரூம்ல இருந்து இல்ல, அம்மாவோட ரூம்ல இருந்து. பின்னாடி சுவத்து ஓரமா உறை போட்டு நிக்குதே, அது பாட்டியோட தம்பூரா. இப்ப அம்மாவுக்கு சுருதி குடுக்குறது இந்த டெஸ்க்டாப்புல ஓடுற தம்பூரா ஆப்தான். சாயங்காலம் 6 மணிக்கு அவங்களுக்கு கிளாஸ் இருக்கு, அதுக்குள்ள நான் எழுந்துக்கணும். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

அம்மா ஆன்லைன்ல பாட்டு சொல்லிக் குடுக்குறாங்க. சாயங்காலம் வர்ற பசங்க எல்லாரும் சிங்கப்பூர்ல இருக்குறவங்க, அவங்களுக்கு அப்ப ராத்திரி எட்டரை. கிளாஸுக்கு முன்னாடி அம்மா 5 கட்டை சுருதியில தம்பூராவைப் போட்டுட்டு உக்காருவாங்க, ரூம் பூரா நிறைஞ்சு கேக்கும். அந்தப் பக்கத்துல குழந்தை கால்ல வந்து "வணக்கம் டீச்சர்"னு சொல்லும் பாருங்க, அடுத்த நொடி தம்பூரா அப்படியே தேஞ்சு போயிடும். அடுத்த வீட்டுல யாரோ போட்டிருக்குற மாதிரி லேசா கேக்கும், அவ்வளவுதான். அம்மா ஸ்பீக்கரைத் திருகி ஏத்துவாங்க. சுருதி கொஞ்சம் வரும், ஆனா குழந்தை குரலை ஏத்தி மேல் ஷட்ஜம் பிடிச்சா வீடே அதிரும். உடனே இறக்குவாங்க. சுருதி மறுபடியும் போயிடும்.

இது நாலு மாசமா நடந்திருக்கு. தனக்குக் காது மந்தமாகுதுன்னு நினைச்சுக்கிட்டு என்கிட்ட சொல்லவே இல்ல அவங்க. போன வாரம் தற்செயலா நான் பக்கத்துல உக்காந்திருந்தப்பதான் கவனிச்சேன். மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. சுருதி மாதா, லயம் பிதான்னு சொல்லி வளர்த்தவங்க, நாலு மாசம் சுருதி சரியாக் கேக்காம பாடம் நடத்தியிருக்காங்க.

காது நல்லாத்தான் இருக்கு. விண்டோஸ்ல ஒரு செட்டிங் இருக்கு, அது தன் வேலையைச் சரியாப் பண்ணிக்கிட்டிருந்துச்சு. 2009-ல வந்த விண்டோஸ் 7-ல இருந்தே இருக்குற விஷயம் இது. கால் பேசுற ஆப் ஒண்ணு சத்தத்தைத் திறந்ததும், பேச்சு தெளிவாக் கேக்கட்டும்னு மத்த ஆப்களோட சத்தத்தை 80 சதவீதம் குறைச்சிடும். பாட்டு கேட்டுக்கிட்டே ஆபீஸ் வேலை பார்க்கிறவருக்கு இது பெரிய உதவி. தம்பூரா வச்சுப் பாடுறவங்களுக்குத்தான் இது ஆகாது. சுருதியும் குரலும் சேர்ந்தே கேக்கணுமே.

மாத்துறது எப்படின்னா, கீபோர்டுல விண்டோஸ் பட்டனோட ஆர் அழுத்துங்க. வர்ற சின்னப் பெட்டியில எம் எம் எஸ் ஒய் எஸ், ஒரு புள்ளி, சி பி எல், இப்படி இடைவெளி விடாம டைப் பண்ணி என்டர் தட்டுங்க. சவுண்ட் ஜன்னல் திறக்கும். அதுல கடைசி டேப் கம்யூனிகேஷன்ஸ். மத்த சத்தத்தை எல்லாம் மியூட் பண்ணு, 80 சதவீதம் குறை, 50 சதவீதம் குறை, எதுவும் பண்ணாதே, இந்த நாலுல கடைசியில இருக்குற "டூ நத்திங்"கை எடுத்து ஓகே குடுங்க. தம்பூரா அடங்குற பிரச்சினை அதோட தீர்ந்துச்சு.

அடுத்தது குழந்தையோட குரல் அதிர்ற பிரச்சினை. அதுக்குத்தான் வால்யூம் மிக்ஸர். கச்சேரியில மைக்செட்காரர் பாடகருக்கு ஒண்ணு, வயலினுக்கு ஒண்ணு, மிருதங்கத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா ஏத்தி இறக்குவாரில்ல, அதே மாதிரிதான் இது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல இப்படி ஆப் வாரியாக் கிடையாது. அதுல வேவ்னு ஒரே பட்டை, பாட்டு, கேம் எல்லாமே அதுக்குள்ளதான். 2007-ல விண்டோஸ் விஸ்டா வந்தப்பதான் ஒவ்வொரு ஆப்புக்கும் தனிப் பட்டை வந்துச்சு. விண்டோஸ் 11-ல கீழ மூலையில இருக்குற ஸ்பீக்கர் படத்து மேல ரைட் கிளிக் பண்ணுங்க, ஓப்பன் வால்யூம் மிக்ஸர்னு வரும். இல்லன்னா விண்டோஸ், கன்ட்ரோல், வி மூணையும் சேர்த்து அழுத்துங்க. அம்மாவுக்கு நான் சொல்லிக் குடுத்தது இந்த ரெண்டாவது வழிதான், பாடிக்கிட்டே ஒரு கையால பண்ணிடலாம். ஆப் லிஸ்ட்ல இல்லையேன்னு பதறாதீங்க. அது ஒரு தடவை சத்தம் குடுத்தாத்தான் பேர் வரும், அதனால முதல்ல தம்பூராவை ஓட விட்டுட்டு வந்து பாருங்க.

இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். இந்தப் பட்டைகள் எல்லாம் குறைக்க மட்டும்தான் செய்யும். 100-தான் உச்சி, ஆப் குடுக்குற சத்தத்துக்கு மேல மிக்ஸரால ஒண்ணும் கூட்ட முடியாது. அதனால எது ரொம்ப மெல்லிசாக் கேக்குதோ அதை 100-ல விட்டுடுங்க, அதைத் தொடாதீங்க. அதிர்றதை இறக்குங்க. ரெண்டும் சமமா வந்ததுக்கு அப்புறம் மொத்த வால்யூமை உங்க காதுக்கு ஏத்த மாதிரி வைங்க. அம்மாவோட கம்ப்யூட்டர்ல தம்பூரா 100, கால் ஆப் 40. ஆப்புக்குள்ளேயே ஒரு வால்யூம் இருந்தா அதையும் பார்த்துக்கோங்க. உள்ள பாதி, மிக்ஸர்ல பாதின்னு வச்சா வெளிய வர்றது கால்வாசிதான்.

தம்பூராவை பிரவுசர்ல போடுறவங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. தம்பூரா ஒரு டேப்ல, கால் இன்னொரு டேப்லன்னு ரெண்டையும் குரோம்லயே திறந்தா மிக்ஸருக்கு அது ஒரே ஆப், ஒரே பட்டை. தம்பூராவை எட்ஜ்லயும் காலை குரோம்லயும் திறந்துக்கோங்க, ரெண்டு பட்டை வந்துடும்.

ரைட் கிளிக் பண்ணித் திறக்குற மிக்ஸர்ல ஆப் பேருக்குப் பக்கத்துல அம்புக்குறி இருக்கும், அதைத் தட்டினா அவுட்புட் டிவைஸ்னு ஒண்ணு வரும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இதுதான். தம்பூராவை ஸ்பீக்கர்லயும், குழந்தையோட குரலை ஹெட்ஃபோன்லயும் விட்டேன். இப்போ தம்பூரா பழையபடி ரூம்ல நிறைஞ்சு கேக்குது. குழந்தையோட குரல் ஸ்பீக்கர்ல வந்து திரும்ப அம்மாவோட மைக்குக்குள்ள போறதும் நின்னுடுச்சு. அம்மா ஹெட்ஃபோனை ஒரு காதுல மட்டும் வச்சுக்கிறாங்க, தன் குரலும் கேக்கணுமேன்னு. சில ஆப்களை ஒரு தடவை மூடித் திறந்தாத்தான் டிவைஸ் மாறும்.

இங்க இன்னொண்ணும் சொல்லிடறேன். மீட்டிங் ஆப்கள்ல பின்னணி இரைச்சலை நீக்குற வசதி இருக்கும். விடாம ஒரே மாதிரி வர்ற சத்தம்னா அதுக்கு ஃபேனும் தம்பூராவும் ஒண்ணுதான், ரெண்டையும் துடைச்சிடும். உங்க தம்பூரா அந்தப் பக்கம் போகணும்னா இதை அணைக்கணும். ஜூம்ல இதுக்குன்னே "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்"னு ஒண்ணு வச்சிருக்காங்க. ஆனா மாணவர் தன் வீட்டுலயும் அதே கட்டையில ஒரு தம்பூரா போட்டுக்கிறதுதான் நல்லதுன்னு அம்மா சொல்றாங்க. நெட் திணறினாலும் சுருதி அறுந்து போகாது.

லிஸ்ட்ல சிஸ்டம் சவுண்ட்ஸ்னு ஒண்ணு இருக்கும், கிளாஸ் நேரத்துல அதை மியூட் பண்ணிடுங்க. ஆலாபனை நடுவுல "டிங்"னு வந்தா எவ்வளவு எரிச்சலா இருக்கும். லினக்ஸ் வச்சிருக்கிறவங்க பாவுகன்ட்ரோல்னு ஒரு மிக்ஸர் ஆப் போட்டுக்கோங்க, அதுல 100-க்கு மேலயும் ஏத்தலாம், ஆனா ரொம்ப ஏத்தினா சத்தம் கரகரன்னு உடையும். மேக்னா இதே வேலைக்கு பேக்ரவுண்ட் மியூசிக்னு ஒரு இலவச ஆப் இருக்கு. விண்டோஸ்ல என்னென்னமோ மாத்திக் குழப்பிக்கிட்டா மிக்ஸர் பக்கத்துல ரீசெட்னு ஒரு பட்டன் இருக்கு, எல்லாம் பழைய நிலைக்கு வந்துடும். நீங்க வச்ச அளவை விண்டோஸ் ஞாபகம் வச்சுக்கும், தினமும் திருப்பி வைக்க வேண்டியதில்ல.

முதல் நாள் இதெல்லாம் வச்சுக் குடுத்தப்போ, கால் வந்துச்சு, குழந்தை வணக்கம் சொல்லுச்சு, தம்பூரா குறையல. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம, கண்ணை மூடி "ஸா" பிடிச்சாங்க.

சரி, வந்துட்டாங்க, மணி ஆகப்போகுது. இந்தாங்கம்மா, உக்காருங்க.