நூலக வரியும் விளம்பரத் தடுப்பானும்

(பொது நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒரு கல்லூரி மாணவி என்னை நிறுத்திக் கேட்டார். "ஐயா, நான் போனில் ஆட் பிளாக்கர் போட்டிருக்கேன். எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரமே வராது. விளம்பரக் காசில்தான் அவங்க பிழைக்கிறாங்கன்னு என் தோழி சொல்றா. அப்படின்னா நான் செய்யறது திருட்டா?" எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமல் போய்விட்டேன். ஒரு மாதமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்று நான் பேசப்போவது அவருக்கான பதில். நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

என்னை இந்தக் கேள்வி இப்படிப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பதினொரு ஆண்டுகள் நான் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவன். வரி விளம்பரம், கண்ணீர் அஞ்சலி, டெண்டர் அறிவிப்பு, ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். கடையில் நீங்கள் கொடுத்த காசு தாளுக்கும் மைக்குமே காணாது. நிருபரின் சம்பளத்தையும் கட்டு ஏற்றும் வண்டியின் டீசலையும் அந்த விளம்பரங்கள்தான் சுமந்தன. இது நம் ஊரில் பிறந்த ஏற்பாடும் இல்லை. 1833-இல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்பவர் 'சன்' என்ற நாளிதழைத் தொடங்கினார். மற்ற நாளிதழ்கள் ஆறு சென்ட் விற்ற காலத்தில் இவர் ஒரு சென்ட்டுக்குக் கொடுத்தார். குறைந்த ஐந்து சென்ட்டை விளம்பரதாரரிடம் வாங்கினார். கூலி வேலை செய்தவர் கைக்கும் நாளிதழ் போனது. ஆகவே விளம்பரத்தைக் கெட்ட வார்த்தையாக நினைத்து நான் பேசவில்லை.

முதலில் திருட்டு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் டர்னர் ஒளிபரப்பு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜேமி கெல்னர் 2002-இல் ஒரு பேட்டியில் இதையே சொன்னார். நிகழ்ச்சியைப் பார்க்கிறவர் விளம்பரத்தையும் பார்ப்பதாக ஒப்பந்தம் செய்திருக்கிறார், தாண்டிப் போனால் அது திருட்டு என்றார். கழிப்பறைக்கு எழுந்து போவதை மட்டும் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம் என்றார். இந்த ஒப்பந்தத்தில் எப்போது கையெழுத்துப் போட்டோம்? என் மேசைக்கு வந்த எந்த ஜவுளிக்கடை முதலாளியும், வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பேன் என்று சொன்னதில்லை. அவர் வாங்கியது தாளில் ஓர் இடம். வாசகரின் கண்ணை வாங்கித் தர எங்களாலும் முடியாது, அவரும் கேட்கவில்லை.

இதே வழக்கு ஜெர்மனியில் உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆக்சல் ஸ்பிரிங்கர் அங்கே பெரிய பத்திரிகைக் குழுமம். கொலோன் நகரத்து 'அய்யோ' (Eyeo) என்ற நிறுவனம் 'ஆட்பிளாக் பிளஸ்' என்ற விளம்பரத் தடுப்பானை நடத்துகிறது. அதன்மேல் குழுமம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரல் 19 அன்று கார்ல்ஸ்ரூவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தடுப்பானைப் போடுவதா வேண்டாமா என்பது பயனரின் முடிவு, அதை வழங்குவது முறையற்ற போட்டி ஆகாது, வேண்டாமென்றால் பதிப்பாளர் தடுப்பான் போட்டவருக்குக் கதவை அடைத்துக்கொள்ளலாம். அந்தக் குழுமத்தின் 'பில்ட்' நாளிதழ் 2015-லேயே அதைச் செய்துவிட்டது. தடுப்பானை நிறுத்துங்கள், அல்லது மாதம் 2.99 யூரோ கட்டுங்கள் என்றது. பதிப்புரிமை அடிப்படையில் போட்ட இன்னொரு வழக்கை 2025 ஜூலையில் அதே நீதிமன்றம், மறுபடி விசாரிக்கச் சொல்லி ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. ஆகச் சட்டத்தில் எல்லாம் முடிந்துவிடவில்லை. எனக்கு அந்த 2018 தீர்ப்பு நியாயமாகப் படுகிறது. விலையை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்பதற்குப் பதிப்பாளருக்கு உரிமை உண்டு, கொடுக்காமல் திரும்பிப் போக வாசகருக்கும் உரிமை உண்டு.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் இடத்துக்கு வருகிறேன். நான் அச்சுக்கு அனுப்பிய விளம்பரம் வாசகரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் அஞ்சலியைப் படித்தது யார், எத்தனை நொடி நின்று படித்தார், அடுத்து எந்தக் கடைக்குப் போனார் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. இன்று நீங்கள் ஒரு செய்தியைத் தொட்டால், பக்கம் விரிவதற்குள், ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், உங்களை வைத்து ஓர் ஏலம் நடந்து முடிகிறது. எந்த ஊர், என்ன போன், நேற்று எதைத் தேடினீர்கள் என்ற விவரங்கள் ஏலத்தில் நிற்கும் நிறுவனங்களுக்கெல்லாம் போகின்றன. தோற்ற நிறுவனத்திடமும் விவரம் தங்கிவிடுகிறது. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் லூ மான்டுல்லி, தளம் உங்கள் கணினியில் விட்டுவைக்கும் குறிப்பான குக்கீயை உருவாக்கியபோது, இணையக் கடையில் வாங்கப் போகிற பொருள்களைத் தளம் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. அந்தச் சின்னத் துண்டுக் குறிப்பைத்தான் ஊர் ஊராகத் தொடரும் ஒற்றனாக்கிவிட்டார்கள்.

சரி, இவ்வளவு வேவு பார்த்த பணம் எழுதியவருக்காவது போகிறதா? பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனத்தைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 2020-இல் வெளியிட்டது. விளம்பரதாரர் செலவிட்ட தொகையில் பதிப்பாளருக்குப் போய்ச் சேர்ந்தது 51 விழுக்காடு. 15 விழுக்காடு எங்கே போனது என்று தணிக்கையாளர்களாலேயே சொல்ல முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. ஆனால் நூறு ரூபாயில் பதினைந்து ரூபாய்க்குக் கணக்கே இல்லை என்றால் அன்று மாலையே கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போயிருப்பார்.

ஆபத்தும் இருக்கிறது. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களின் விளம்பர இடங்கள் வழியாகவே, கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்கள் பரவின. ஆசிரியர் குழுவுக்கு அந்த இடத்தில் என்ன வருகிறது என்பதே தெரியாது. ஏலத்தில் எடுத்தவர் எதை அனுப்பினாலும் வரும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, தேடுபொறி விளம்பரங்களில் போலித் தளங்கள் வருகின்றன, தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரையே சொன்னது. நம் ஊரில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நாளுக்கு ஒன்றரை ஜிபி என்று ரீசார்ஜ் செய்கிற பிள்ளையின் டேட்டாவைத் தின்றுதான் தானாக ஓடும் வீடியோ விளம்பரம் ஓடுகிறது. விளம்பரத்தைச் சுமந்துவரும் வண்டிக்கூலியும் அவள் தலையில்.

ஆகவே, தங்கச்சி, நீங்கள் செய்தது திருட்டில்லை. வாசலில் கொசுவலை கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இத்தோடு முடித்துக்கொண்டு உட்கார முடிந்தால் எனக்கு எளிது. ஆனால் 2015 செப்டம்பரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐபோனில் தடுப்பான்களை ஆப்பிள் முதன்முதலாக அனுமதித்தபோது மார்கோ ஆர்மென்ட் என்ற நிரலாளர் 'பீஸ்' என்ற செயலியை வெளியிட்டார். கட்டணச் செயலிகளில் அது முதலிடத்துக்குப் போனது. இரண்டே நாளில் அவரே அதைத் திரும்பப் பெற்றார். தடுப்பான் பலருக்கு நன்மை செய்கிறது, ஆனால் அடிபடக்கூடாத சிலரையும் அடிக்கிறது, அந்த வெற்றி மனசுக்கு நன்றாக இல்லை என்பது அவர் எழுதியதன் சாரம். பணம் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த முடிவு அது. அவருடைய வாதத்தை நான் முழுக்க ஏற்கவில்லை. ஆனாலும் அந்த மனிதரின் உறுத்தலை மதிக்கிறேன்.

அடிபடுவது யார் என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களுக்கு வேறு வழி உண்டு. ஆட்பிளாக் பிளஸ் 2011-லிருந்து 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருப்பவரின் விளம்பரம் தடுப்பானைத் தாண்டி வரும். சிறியவர்களுக்கு இலவசம், பெரிய நிறுவனங்களோ கட்டணம் கட்டுகின்றன. கூகுளும் கட்டுகிறது. கொசுவலை கட்டிக் கொடுத்தவரே கொசுக்களிடம் சுங்கம் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. யு பிளாக் ஆரிஜின் என்ற இன்னொரு தடுப்பானை உருவாக்கிய ரேமண்ட் ஹில் நன்கொடை கூட வாங்குவதில்லை. அது நேர்மை. இதெல்லாம் தெரியாமல், மாவட்டத்துக் குவாரியையும் ஏரி ஆக்கிரமிப்பையும் பற்றி இரண்டு பேர் மட்டும் எழுதுகிற ஒரு தளம் இருக்கும். அங்கே உங்கள் தடுப்பான் நிறுத்துவது அவர்களுடைய மாதவாடகையை.

தமிழுக்கு இந்தக் கணக்கு இன்னும் குறுகலானது. தளங்களில் விளம்பரம் போட்டு அவற்றுக்குக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழை ஏற்றுக்கொண்டதே 2018-இல்தான். அதற்குப் பின் நாம் பார்த்தது என்ன? தலைப்பில் ஒன்று, உள்ளே வேறொன்று, 'அதிர்ச்சி', 'பகீர்'. சொடுக்குக்குக் காசு என்றால் சொடுக்க வைக்கும் எழுத்துதான் விளையும். நல்ல தமிழ்க் கட்டுரையை ஆயிரம் பேர் படித்தாலும் விளம்பரத்தில் டீச்செலவுக்குத்தான் வரும்.

பூட்டுப் போட்டு விற்பது ஒரு வழி. நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் கட்டணச் சுவர் எழுப்பியது. அடுத்த ஆண்டே வாசகர் கொடுத்த பணம் விளம்பர வருமானத்தைத் தாண்டியது. நல்லதுதான். ஆனால் கட்ட முடியாதவருக்கு வதந்தி மட்டும் இலவசம் என்று ஆகிவிடும். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் வேறு வழியில் போனது. கதவைத் திறந்தே வைத்து, முடிந்தவர் கொடுங்கள் என்று கேட்டது. மூன்று ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேலானோர் கொடுத்திருக்கிறார்கள் என்று 2018-இல் அறிவித்தது.

இந்த வழி நமக்குப் புதிதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டடம் எப்படி நடக்கிறது? உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் கொடுத்தது அது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் அலைந்து வலியுறுத்தியது, அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. வீடு உள்ளவர் கட்டுகிறார், வீடில்லாதவரும் வந்து படிக்கிறார். ஒரு விளம்பரமும் இல்லை, யார் எதைப் படித்தார் என்று ஏலமும் இல்லை. சிற்றிதழ்களுக்கு மணியார்டரில் ஆண்டுச் சந்தா அனுப்பியவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் யாரோ ஒரு மாணவன் ஓசியில் படித்தான். அந்த மாணவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே கடன் இருக்கிறது. அது விளம்பரத்துக்குப் பட்ட கடன் இல்லை, எழுதியவருக்குப் பட்டது. கட்ட வேண்டியவர் யார் என்று கேட்டால், ஒன்றரை ஜிபியில் நாளை ஓட்டும் இந்தப் பிள்ளை இல்லை. அவர் தடுப்பானை வைத்துக்கொள்ளட்டும். வேவு பார்க்காத, சத்தம் போடாத, உள்ளூர்க் கடை விளம்பரம் மட்டும் போடும் தளம் கண்ணில் பட்டால் அங்கே மட்டும் நிறுத்திவைக்கட்டும். ஓய்வூதியம் வாங்குகிற நாம்தான் கட்ட வேண்டும், அவருடைய பங்கையும் சேர்த்து. நான் இரண்டு தமிழ்த் தளங்களுக்கு மாதம் நூறு நூறு ரூபாய் கட்டுகிறேன். முன்பு வார இதழ்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான்.

முன்வரிசையில் சிலர் போன கூட்டத்தில் என்னிடம் சொன்னீர்கள்: கட்ட மனமிருக்கிறது, போனில் எப்படிக் கட்டுவது என்றுதான் தெரியவில்லை, பணம் வேறு எங்காவது போய்விடுமோ என்று பயம். கூட்டம் முடிந்ததும் பத்திரிகைப் பிரிவு மேசைக்கு வாருங்கள். அந்தத் தங்கச்சியிடம் காலையிலேயே கேட்டுவிட்டேன். அரை மணி நேரம் இருந்து சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.