பார்சல் அணியின் பதில்

நடுவர் ஐயா, எதிரணி, சபை, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு, 'கிறிஸ்தவ விசுவாசம் விளங்குவது செபத்திலா, சேவையிலா?' சேவை எண்ட எங்களுக்கு எதிரணித் தங்கச்சி ஒரு பேர் வைச்சிட்டா: 'சோத்துப் பார்சல் அணி'. பார்சல் கட்ட விசுவாசம் எதுக்கு, சந்திக் கடை போதுமே எண்டா. நீங்களும் கை தட்டினீங்கள். உண்மையச் சொன்னா, நானும் தட்டினனான்.

சரி, அந்தப் பார்சலையே அவிழ்ப்பம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்த நாள். இஞ்ச திருகோணமலையில, பாலையூற்றில எங்கட மாமி பெரிய செபக்காரி. சாப்பாட்டுக்கு முன்னம் தொடங்கினா எண்டால் ரோமாபுரிப் பாப்பரசரில இருந்து பக்கத்து வீட்டு ஆடு வரைக்கும் வரும். புட்டு கல்லாகிடும். முடிஞ்சுதெண்டு கையை வைப்பன். "மேலும் ஆண்டவரே..." எண்டுவா!

அண்டைக்கு முத்தம் முழுக்க நனைஞ்ச உடுப்போட சனம். மாமி கிடாரத்தை அடுப்பில ஏத்திப்போட்டு அண்ணாந்து பார்த்தா. "ஆண்டவரே, தேங்காய் காணாது." அவ்வளவுதான்! பாப்பரசர் இல்லை, ஆடு இல்லை, ஆமென்கூட இல்லை. நடுவர் ஐயா, திரும்பச் சொல்லட்டே? "ஆண்டவரே, தேங்காய் காணாது!"

கொஞ்ச நேரத்தில பின்வீட்டுச் சைவ ஐயா ஒரு சாக்குத் தேங்காயோட வந்து நிண்டார். செபம் கேட்கப்பட்டதெண்டு எதிரணி எழுதி வைக்கட்டும், ஆட்சேபனை இல்லை. ஆனா திருவினது நான்.

பசியோட நிக்கிறவனைப் பார்த்து 'சமாதானமாப் போ, பசியாறு' எண்டு சொல்லிப்போட்டு ஒண்டும் குடுக்காட்டி என்ன பிரயோசனம் எண்டு பைபிளில, தன்ர கடிதத்தில யாக்கோபு கேட்கிறார். பார்சல் அணிக்கு அவர்தான் தலைவர்.

சந்திக் கடை எண்டீங்கள் தங்கச்சி. இஞ்ச சென்ட் ஜோசப் கல்லூரியில பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்கினவர் ஹேபியர் பாதர். அமெரிக்காவில பிறந்த யேசுசபைக் குரு. 1990 ஆகஸ்ட் 15, சண்டை நேரம், வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில வெளிக்கிட்டவர், இன்னும் வந்து சேரேல்லை. எந்தக் கடைச் சம்பளத்துக்கு அப்பிடி ஒரு றோட்டில போவினம்?

மணி அடிக்கிறீங்கள். ஒண்டைச் சொல்லிப்போட்டு இறங்கிறன்.

மூண்டாம் நாள் திருக்கடலூர்ப் பக்கத்து மனுசன் ஒருத்தர் வரிசையில வந்தார். "அஞ்சு பார்சல் தாங்கோ அக்கா." பின்னால நிண்டவர் என்ர காதில சொன்னார்: "இப்ப அவரும் மகளும் மட்டும்தான்." நான் ரெண்டை எடுத்து நீட்டினன். மாமி என்ர கையைத் தட்டிவிட்டா. அஞ்சையும் எண்ணி வைச்சா.

அவர் போகேல்லை. "சின்னவன் உறைப்புத் தின்னமாட்டான்" எண்டார்.

மாமி ஒரு பார்சலைத் திரும்ப அவிழ்த்தா. லஞ்ச் சீட்டில இருந்த சம்பலை விரலால வழிச்செடுத்தா, சிவப்புப் பட்ட சோத்தையும் ஒதுக்கினா, மேல பருப்பை விட்டு மடிச்சுக் குடுத்தா.

"இது சின்னவன்ர, தம்பி. மேல வைச்சுக் கொண்டுபோங்கோ."