ஒரே ஒரு மின்னூல் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

மின்னூல் வழியாக வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய ஆள், புதுச் சங்கதியைத் திட்டித் தீர்ப்பார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இப்போது நானே அதிகம் படிப்பது செல்போனில்தான். அதற்காகப் புகழ்மாலையும் சூட்டப்போவதில்லை. "ஒரு நூலகமே உங்கள் சட்டைப்பையில்" என்று விளம்பரம் செய்கிறார்களே, பழக்கம் ஒட்டாமல் போவதற்கு முதல் காரணமே அந்த நூலகம்தான் என்பது என் கட்சி.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஓர் இளைஞர் வருவார். டிராக்டர் மெக்கானிக். ஒருநாள் போனை என்னிடம் நீட்டி, "சார், எண்ணூறு புக் சேத்து வச்சிருக்கேன்" என்றார். "அடேயப்பா! எதைத் தம்பி படிச்சீங்க?" என்றேன். "இனிமேத்தான் சார்" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கேட்காமலே வந்து விழுகிறது. விழுந்ததைச் சேமித்ததுமே பாதி படித்துவிட்ட மாதிரி மனசு நிறைந்துவிடுகிறது.

நூலகத்தில் இந்தச் சலுகை கிடையாது. உங்கள் அட்டைக்கு இத்தனை புத்தகம்தான் என்று கணக்கு. திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரை குத்திக் கொடுப்போம். அந்த முத்திரைக்காகவே ராத்திரி உட்கார்ந்து படித்து முடித்தவர்கள் உண்டு. செல்போனுக்குள் இருக்கும் புத்தகத்துக்குத் தேதி கிடையாது, யாரும் திருப்பிக் கேட்கப்போவதும் இல்லை. ஆகவே அது அங்கேயே கிடக்கும். அந்தத் தேதியை நாமே போட்டுக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் வாசிப்புப் பழக்கம் எப்படி நுழைந்தது என்று யோசித்துப் பாருங்கள். தடிமனான புத்தகங்களால் நுழையவில்லை. வாரப் பத்திரிகையின் தொடர்கதையால் நுழைந்தது. பொன்னியின் செல்வன் 1950-இல் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். மொத்தமாகக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தால் எத்தனை பேர் முடித்திருப்பார்கள்? ஒரு வாரத்துக்கு ஒரு வாய்தான் கிடைத்தது. மீதியை ஏழு நாள் கழித்துத்தான் பார்க்கலாம். அந்தக் காத்திருப்பில் வீட்டில் பேச்சு நடக்கும், கிணற்றடியில் விவாதம் நடக்கும். பத்திரிகை யார் கைக்கு முதலில் போவது என்று சண்டையே நடக்கும். அப்புறம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைப்பார்கள். அப்படி பைண்டு செய்த தொகுதிகளை நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். நடுநடுவே சோப்பு விளம்பரமும் துணுக்கும் சேர்ந்தே இருக்கும்!

உ.வே.சாமிநாதையர் தம் கடைசிக் காலத்தில் எழுதிய என் சரித்திரமும் புத்தகமாகப் பிறந்ததல்ல. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 1942-இல் அவர் காலமானபோது முடியாமலே நின்றது. எளிய நடை, சின்னச் சின்ன அத்தியாயங்கள். மின்னூலில் முதல்முதலாகப் படிக்க எதை எடுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறேன். இரண்டுமே துண்டு துண்டாகப் படிப்பதற்கென்றே எழுதப்பட்டவை. நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், பொன்னியின் செல்வனைப் பத்து மாதத்துக்குள் முடித்துவிடலாம். ஓர் அத்தியாயத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். ஆர்வம் தாங்காமல் அடுத்ததையும் படிக்கத் தோன்றும். முதல் மாதம் அதற்கு இடம் கொடுக்காதீர்கள் என்பேன். ஒரே ராத்திரியில் இருபது அத்தியாயம் படித்தவர் மறுநாள் ஓய்வெடுப்பார். அந்த ஓய்வு ஒரு வாரமாகும், அப்புறம் மாதமாகும்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் "போன்ல படிக்க முடியலை சார், கண்ணு வலிக்குது" என்று சொல்பவர்களில் பலர் எதைத் திறந்து படித்தார்கள் என்று பார்த்தால், கோளாறு அங்கேதான் இருக்கிறது.

மின்னூலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருப்பது. ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்று சொல்வோம். இன்னொன்று, எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தது. ஈபப் என்ற வடிவத்தில் கிடைப்பது பெரும்பாலும் இது. முதல் வகையைச் செல்போனில் திறந்தால் பக்கம் முழுவதும் தெரியும், எழுத்து கடுகாகத் தெரியும். இரண்டு விரலால் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். வலப்பக்கம் தள்ளி வரியை முடித்து, இடப்பக்கம் இழுத்து அடுத்த வரியைப் பிடிக்க வேண்டும். நான்கு பக்கத்துக்குள் யாருக்கும் வெறுத்துப்போகும். ஈபப்பில் இந்த வம்பு இல்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்குத் தகுந்தபடி தாமே மடிந்துகொள்ளும்.

அப்படியானால் ஸ்கேன் வேண்டாமா? அப்படிச் சொன்னால் என் தொழிலுக்கே துரோகம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாமல் அழிந்தவை எத்தனையோ. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும், நூலகம் என்றே பெயர் கொண்ட திட்டத்தை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் கிடைத்தற்கரிய பழம் பதிப்புகள் ஸ்கேனாக இருக்கின்றன. இவை காப்பதற்காகச் செய்தவை, ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பொக்கிஷம். மடிக்கணினியில் வைத்துப் பார்க்கலாம். பழக்கம் தொடங்குகிறவர் சின்னத் திரையில் இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பது மட்டும்தான் நான் சொல்வது.

எழுத்து வடிவ நூலுக்கு எங்கே போவது? கையில் பேனா இருந்தால் இரண்டு பெயர் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் அதன் முன்னோடி. பெயரில் மதுரை இருந்தாலும் அதற்கு அங்கே கட்டடமோ அலுவலகமோ இல்லை. உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை திருத்தி ஏற்றியவை அத்தனையும். சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு நாவல் வரைக்கும் கிடைக்கும். இரண்டாவது, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். 2013-இல் தொடங்கியது. எழுதியவர்களே மனமுவந்து, பகிர்ந்துகொள்ளும் உரிமத்தில் கொடுத்த நூல்கள் அங்கே உண்டு. ஈபப் வடிவம், ஆறு அங்குலத் திரைக்கான பி.டி.எஃப். என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க நினைப்பவர்களுக்குக் கிண்டில் இருக்கிறது. 2016 டிசம்பரில் தமிழ் நூல்களுக்கு வழி திறந்தது. அதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டிய கட்டாயமில்லை, செல்போனிலேயே செயலி இருக்கிறது. கையில் வசதி இருந்து கருவியே வாங்கினால் கண்ணுக்கு நல்லதுதான், அதன் திரை காகிதம் போலவே தெரியும். அதைவிட எனக்குப் பிடித்த குணம், அதில் வாட்ஸ்அப் வராது.

ஒருவேளை திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை போல வந்தால் போன் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். யூனிகோட் என்பது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. அது பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலத்துக் கோப்பு அது. விட்டுவிட்டு, யூனிகோட் பதிப்பைத் தேடுங்கள்.

வடிவம் சரியாகிவிட்டால் அடுத்தது அமைப்பு. ரீட்எரா, கூகுள் பிளே புக்ஸ் மாதிரிச் செயலிகளில் ஈபப் கோப்பைத் திறக்கலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று ஒரே சொல் முழு வரியையும் பிடித்துக்கொள்ளும். அதனால் எழுத்தை ஒரேயடியாகப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல் என்று மூச்சு வாங்கும். நாலைந்து சொல் வருகிற அளவில் வையுங்கள். இரண்டு ஓரத்தையும் நேராக்கிக் காட்டும் ஏற்பாடு இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். ஆங்கிலத்துக்கு அது அழகு. குறுகிய திரையில் தமிழுக்கு அதைப் போட்டால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும். நூலுக்குள் ஒரு பெயரைத் தேடும்போதும் ஒரு தந்திரம் உண்டு. "வந்தியத்தேவன்" என்று முழுசாக அடித்தால் "வந்தியத்தேவனுடைய", "வந்தியத்தேவனை" எல்லாம் சிக்காது. கடைசி எழுத்தை விட்டு "வந்தியத்தேவ" என்று அடியுங்கள், அத்தனையும் வரும்.

அப்புறம், கோப்பு ஒருமுறை இறங்கிவிட்டால் படிக்க இணையம் தேவையில்லை. ஆகவே படிக்கிற கால்மணி நேரம் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். அதற்குள் உலகம் ஒன்றும் முழுகிவிடாது.

பார்வை மங்கியவர்கள் கேட்பீர்கள், எங்களுக்கு என்ன என்று. செல்போனில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி தமிழுக்கும் இருக்கிறது. குரல் கொஞ்சம் இயந்திரமாகத்தான் இருக்கும், சந்தியில் தடுக்கி விழும், எண்களை ஒரு தினுசாகப் படிக்கும். ஆனாலும் கதை போகும். எங்கள் வட்டத்தில் கண்புரை அறுவைக்குக் காத்திருந்த அம்மா ஒருவர், அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அப்படித்தான் கேட்டு வந்தார். "அந்தப் பொண்ணு நிறுத்தற எடத்துல நிறுத்தாம ஓடுது சார்" என்பதுதான் அவருடைய ஒரே புகார். இதற்கும் எழுத்து வடிவக் கோப்புதான் வேண்டும். ஸ்கேனைக் கொடுத்தால் அந்தக் குரலுக்கு அது வெறும் படம், வாய் திறக்காது. பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு நூல்களை மாற்றுவதற்கு 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இடம் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பதிப்புரிமை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் நாட்டில் ஓர் எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டு வரை அவர் நூலுக்கு உரிமை உண்டு. கல்கி மறைந்தது 1954-இல், அந்தக் கணக்கு 2014-ஓடு தீர்ந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. இவையெல்லாம் தாராளமாகப் பகிரலாம். இன்றைக்கு உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரின் புது நாவலை யாரோ ஸ்கேன் செய்து குழுவில் போடுவதும் அதை நாம் "நன்றி நண்பரே" என்று வாங்கிக்கொள்வதும் வேறு. ஆயிரம் பிரதி விற்கவே தவம் கிடக்கிற தமிழ் எழுத்தாளரின் வயிற்றில் அடிப்பது அது. நம் மெக்கானிக் தம்பியின் எண்ணூறில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான். எடுத்துச் சொன்னதும் அழித்துவிட்டார். படிக்காத புத்தகம்தானே, அழிக்க வருத்தமும் இல்லை.

குழந்தைகளுக்கும் போனிலேயே பழக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். படிக்கத் தெரிந்து, படிப்பதில் ருசி கண்ட பிறகு வரட்டும். அதுவரை காகிதம், ஊர் நூலகம், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஒரு பாட்டி.

கடைசியாக, கொஞ்சம் பழகியவர்களுக்கு ஒரு வேலை. விக்கிமூலம் என்று ஒரு தளம் இருக்கிறது. நாட்டுடைமை ஆன நூல்களில் 2,000-க்கும் மேற்பட்டவை அங்கே ஸ்கேனாக ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கம் அச்சுப் படம், இன்னொரு பக்கம் கணினி தானாகப் படித்தெடுத்த எழுத்து. கணினி ஒற்றை விட்டுவிடும், ணகரத்தை னகரமாக்கும், துணைக்காலைத் தின்றுவிடும். நீங்கள் படத்தைப் பார்த்து அதைத் திருத்த வேண்டும். யார் வேண்டுமானாலும் செய்யலாம், செல்போனை விடக் கணினியில் சுலபம். திருத்தாத பக்கம் சிவப்பாக இருக்கும், ஒருவர் திருத்தினால் மஞ்சளாகும், இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. அப்படித் தேறிய நூலை அங்கேயே ஈபப்பாக இறக்கிக்கொள்ளலாம். நாளைக்கு ஒரு பக்கம் செய்தால் போதும். மெய்ப்புப் பார்க்கிறவர் ஓர் எழுத்தைக்கூடத் தாண்டிப் போக முடியாது, அத்தனை ஊன்றிப் படிக்க வேறு எந்த வழியும் நம்மைக் கட்டாயப்படுத்தாது. அங்கே ஏற்றியிருக்கும் நூல்களை எழுதியவர்களில் உங்கள் ஊர்க்காரர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவருடைய நூலில் தொடங்குங்கள்.

நன்றி. வணக்கம்.