வால்யூம் பெடலுக்குள்ளே ஒரு விளக்கு! கரகரப்பே வராத ரகசியம் இதுதான்

வணக்கம்! ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொண்டு இதைக் கேளுங்கள்.

[ஒலி: தேய்ந்த பெடலை மிதிக்கும்போது எழும் கரகரப்பு]

பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் வருமே, அதே சத்தம். காரணமும் அதேதான். கிதார் ஒலியைக் காலால் கூட்டிக் குறைக்க உதவுவது வால்யூம் பெடல். சாதாரண வால்யூம் பெடலுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது மின்தடையை மாற்றும் ஒரு பாகம். கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக முள் உரசிக்கொண்டே நகரும். நாளாக நாளாகத் தடம் தேயும், தூசி சேரும். அவ்வளவுதான்.

எப்போதாவது மிதிப்பவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் கிதார் (மேசை போலப் படுக்கையாக வைத்து வாசிக்கும் கிதார்) வாசிப்பவரின் வலது காலைக் கவனியுங்கள். ஒரு நிமிடம்கூட ஓயாது! கம்பியை மீட்டும்போது பெடலைப் பாதி அளவில்தான் வைத்திருப்பார். ஒலி தேயத் தேய, காலை மெல்ல அழுத்திக்கொண்டே போவார். அந்தப் பக்கம் கம்பி அடங்குகிறது, இந்தப் பக்கம் வால்யூம் ஏறுகிறது. நம் காதுக்கோ ஸ்வரம் குறையாமல் நீண்டுகொண்டே இருக்கிறது. எனக்கு இதைக் கேட்டு அலுப்பதே இல்லை. இப்படி இரவு முழுக்க மிதித்தால் எந்த முள் தாங்கும்?

அதற்குத்தான் ஆப்டிகல் பெடல். ஒரு பக்கம் குட்டி விளக்கு, எதிரே ஒளி உணரி, நடுவில் காலோடு சேர்ந்து நகரும் ஒரு மறைப்பு. கால் அழுந்தினால் மறைப்பு விலகும், வெளிச்சம் கூடும், ஒலியும் கூடும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் எதுவும் எதையும் தொடுவதில்லை. தொடாத இடத்தில் தேய்மானம் ஏது?

1970களில் அமெரிக்காவின் மோர்லி பெடல்கள் இந்த முறையைப் பிரபலமாக்கின. அவற்றில் பல்பு இருந்தது, இப்போது எல்இடி.

என்னை மயக்கியது அந்த உணரிதான். காட்மியம் சல்பைடால் செய்த துளி வில்லை, மேலே பாம்பு நெளிவது போல ஒரு கோடு. இருட்டில் அதன் மின்தடை பத்து லட்சம் ஓமைத் தாண்டும். நல்ல வெளிச்சம் பட்டால் சில ஆயிரம், சில நூறு என்று சரிந்துவிடும். இன்னொரு அழகு, அது கொஞ்சம் சோம்பேறி. வெளிச்சம் மாறியதும் பல மில்லிவிநாடி தாமதித்தே அசையும். காலின் சின்னச் சின்னக் குலுக்கலெல்லாம் அதில் கரைந்து, ஒலி வழுக்கிக்கொண்டு ஏறுகிறது.

குறையும் உண்டு. கரன்ட் இல்லையென்றால் பெரும்பாலான ஆப்டிகல் பெடல்கள் ஊமை. சாதாரண பெடலுக்கு அந்தக் கவலையே கிடையாது. இருந்தாலும் என் ஓட்டு வெளிச்சத்துக்குத்தான்.

சரி, வீட்டிலேயே பார்க்கலாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் இந்த உணரியை எல்டிஆர் என்று கேட்டால் தருவார்கள். மின்தடையை அளக்கும்படி வைத்த மல்டிமீட்டரில் இணைத்து, ஜன்னலோரம் வைத்து, உள்ளங்கையால் மெதுவாக மூடுங்கள். எண் எகிறும். உங்களுக்கு எவ்வளவு வரை போனது? கமென்ட்டில் எழுதுங்கள்!