கன்ட்ரி டான்ஸ்: உடுப்பு முதலில், நடை பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய கன்ட்ரி டான்ஸை அந்தக் காலத்து உடுப்போடு ஆடிக்காட்டும் குழுக்கள் அந்த நாட்டில் நிறைய உண்டு. மாதக்கணக்கில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாகப் பயிற்சி நடக்கும். உடுப்பு தைத்து வருவதோ கடைசி வாரத்தில். ஒத்திகையில் ஒழுங்காக வந்த நடனம் அரங்கில் குலைவது பெரும்பாலும் இதனால்தான். மூச்சு வாங்குகிறது, பாவாடை மிதிபடுகிறது, தூக்கிய கை பாதியில் நின்றுவிடுகிறது. ஆடுபவருக்குத் திறமை போதாது என்று சொல்வதற்கில்லை. அந்த உடுப்பு எதற்கு இடம் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்று தெரியாமலே நகர்வுகளைப் பழகிவிட்டார்கள்.

எந்தக் காலம் என்று தீர்மானிப்பது முதல் வேலை. ஜான் பிளேஃபோர்ட் என்ற லண்டன் பதிப்பாளர் 1651 என்று ஆண்டு குறித்து வெளியிட்ட தொகுப்பில் 105 நடனங்கள் இருக்கின்றன. வட்டமாக ஆடுவது, இரண்டு ஜோடி எதிரெதிரே ஆடுவது, மூன்று நான்கு ஜோடி வரிசையில் ஆடுவது என்று பல வகை. அடுத்தடுத்த பதிப்புகளில், எத்தனை ஜோடி வேண்டுமானாலும் நிற்கக்கூடிய நீள்வரிசை மற்ற வகைகளை ஓரங்கட்டிவிட்டது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. 1810களின் ரீஜென்சி காலத்து நடன அரங்குகளில் கன்ட்ரி டான்ஸ் என்றாலே இந்த நீள்வரிசைதான்.

இங்கே ஒரு குழப்பம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. 'மிஸ்டர் பெவரிஜஸ் மேகட்' என்ற நடனம் 1695ஆம் ஆண்டுப் பதிப்பில் வருவது. ரீஜென்சி காலத்து எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து 1995இல் பிபிசி எடுத்த தொடரில் நாயகனும் நாயகியும் அதை ஆடினார்கள். கதையின் காலத்துக்கு அது நூறு வருடம் பழைய சரக்கு. திரையில் அழகாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. நெஞ்சுக்குக் கீழேயே இடுப்புக்கோடு வரும் ரீஜென்சி கவுனோடு அதை ஆட ஆசைப்படும் குழுக்கள் தாராளமாக ஆடட்டும். ஜேன் ஆஸ்டின் காலத்து நடனம் என்று மட்டும் அறிவிக்காமல் இருந்தால் போதும்.

துணியிலும் காலம் பார்க்க வேண்டும். நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன பூப்போட்ட சீட்டித் துணிக்கு இங்கிலாந்தில் அவ்வளவு மவுசு இருந்தது. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று 1721இல் சட்டம் வந்தது, 1774இல்தான் நீங்கியது. ஆகவே 1740ஆம் ஆண்டு நடனத்துக்கு வரிசை முழுக்கச் சீட்டிக் கவுன் போட்டு நிறுத்தினால், சட்டத்தை மீறியவர்களை வரிசையாக நிறுத்துகிறீர்கள் என்று பொருள்.

இனி ரீஜென்சி உடுப்பையே எடுத்துக்கொள்வோம். இன்று அதிகம் ஆடப்படுவது அதில்தான். பெண்களுக்கு அடியில் லினன் சட்டை, காலுறை, அதன் மேல் ஸ்டேஸ். ஸ்டேஸ் என்பது பின்னால் ஒரே கயிற்றால் கோத்து இறுக்கும் உள்கச்சு. நீள வகையில் நடுநெஞ்சிலிருந்து அடிவயிறு வரை மரத்தாலான ஒரு பட்டை செருகியிருக்கும். அதற்குப் பஸ்க் என்று பெயர். அது ஏறியபின் இடுப்பை மடிக்க முடியாது. அதனால் செருப்பையும் அதன் நாடாவையும் ஸ்டேஸுக்கு முன்பே கட்டிவிட வேண்டும். இந்த வரிசை தப்பினால் ஒருவருக்கு இன்னொருவர் காலடியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிவிடும் காட்சியை ஒப்பனை அறையில் பார்க்கலாம்.

பின்னால் கயிறு இறுக்கும்போது இரண்டு ஓரங்களும் தொட்டுக்கொள்ளக் கூடாது; ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். தொட்டுக்கொண்டால் உடுப்பு பெரிது என்று அர்த்தம். ஆட ஆட நழுவும். பஸ்க் போட்டவர் வயிற்றால் மூச்சு விட முடியாது. மேல் நெஞ்சாலும் விலாப்பக்கமாகவும்தான் விட வேண்டும். துள்ளி ஆடும் நடனத்தில் இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்குவது இதனால்தான். முழு கவுன் தயாராகாவிட்டாலும் பாதகமில்லை, பயிற்சி தொடங்கும் நாளிலிருந்தே ஸ்டேஸை மட்டும் டி-ஷர்ட்டுக்கு மேலேயாவது கட்டிக்கொண்டு பழக வேண்டும். வணக்கம் செய்வதும் அப்போதுதான் சரியாக வரும்: முதுகு நேராக நிற்க, முழங்கால் மட்டும் மடிந்து உடல் இறங்கும்.

தையலில் அடிக்கடி கெடுவது கைக்குழி. தாராளமாக இருக்கட்டும் என்று இன்றைய ரவிக்கை அளவில் கைக்குழியை ஆழமாக வெட்டினால், கையைத் தூக்கியதும் மேலுடுப்பு முழுவதும் கூடவே ஏறும். அந்தக் காலத்து வெட்டில் கைக்குழி சிறியது, அக்குளை ஒட்டி உயரத்தில் இருக்கும். கையின் தையல் முதுகுப்பக்கம் தள்ளியிருக்கும். உள்சட்டையின் அக்குளில் பத்து சென்டிமீட்டர் சதுரத்துண்டு ஒன்று சேர்த்துத் தைப்பார்கள். அது இல்லாவிட்டால் முதல் வளைவிலேயே தையல் பிரியும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் தோளுக்கு மேல் கை தூக்குவது இந்த உடுப்புக்கு வசதிப்படாது. கைகோத்துச் சுற்றும்போது கோத்த கைகள் மார்புக்கும் தோளுக்கும் இடையில் நிற்பதே போதும்.

ஆண்கள் பக்கம் குறை வேறு. முழங்கால் வரை வரும் பிரீச்சஸ் தொப்புள் வரை ஏற வேண்டும். இன்றைய பேன்ட் அளவில் இடுப்பெலும்போடு நிறுத்திவிட்டால், அந்தக் காலத்துக் குட்டை வெயிஸ்ட்கோட்டுக்கும் அதற்கும் நடுவே வெள்ளைச் சட்டை பிதுங்கும். கையை நீட்டும் ஒவ்வொரு முறையும் அது தெரியும். பூட்ஸ் வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தின் பாத் நகரத்து நடனக்கூடங்களில் பூட்ஸுக்குப் பொதுவாக அனுமதி இருந்ததில்லை. மெல்லிய தோல் அடியுள்ள பம்ப்ஸ் என்ற செருப்புதான். புதுத் தோல் மெருகிட்ட மரத்தரையில் வழுக்கும். கம்பித் தூரிகையால் அடிப்பாகத்தைச் சொரசொரப்பாக்கிவிட்டால் தீர்ந்தது. அக்காலத்துப் பெரிய வீடுகளில் தரையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் சித்திரம் வரைந்து வைத்ததுண்டு. அழகோடு சேர்ந்து வழுக்கலையும் அது குறைத்தது.

கவுனின் கீழோரம் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கட்டும். பின்னால் இழுபடும் வால் இருந்தால் ஆடும் முன் மேலே மடித்து ஊசி குத்திவிட வேண்டும். மிதிபடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஜோடி வரிசைக்கு வெளிப்புறமாகத் திரும்பி, பக்கத்து ஜோடியின் முதுகுக்குப் பின்னால் நடந்து கீழே, அதாவது இசைக்கு எதிர்ப்பக்கம், இறங்கும் நகர்வு ஒன்று உண்டு. ஆள் திரும்பியபின் பாவாடை அரைத் தட்டு தாமதமாகத் திரும்புகிறது. அதற்குள் அடுத்தவர் கால் அங்கே வந்துவிடுகிறது. கவுனின் மஸ்லின் துணி மெல்லியது, காலோடு ஒட்டும். உள்பாவாடையின் ஓரத்தில் இரண்டு மூன்று மடிப்புத் தையல் வைத்துக் கஞ்சி போட்டால் துணி விலகி நிற்கும்.

இப்போது நடனத்துக்கு வருவோம். பிளேஃபோர்ட் ஒற்றை, இரட்டை என்ற இரண்டைத் தெளிவாகச் சொல்கிறார்: ஒற்றை என்றால் இரண்டு காலடி வைத்துப் பாதம் சேர்ப்பது, இரட்டை என்றால் நான்கு காலடி வைத்துச் சேர்ப்பது. 'சைடிங்' என்ற நகர்வு எப்படி என்று மட்டும் விளக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டுப்புற நடனங்களைத் தொகுத்த செசில் ஷார்ப் இவற்றை மீட்டபோது, இருவரும் வளைந்து இடம் மாறித் திரும்புவதாக வைத்தார். பின்னால் வந்த நடன ஆசிரியர் பேட் ஷா, தோளோடு தோள் வரும்வரை முன்னே போய்ப் பின்வாங்குவதாகக் கொண்டார். இரண்டில் எதை எடுத்தாலும் சரி. ஒரே வரிசையில் பாதிப்பேர் அப்படியும் பாதிப்பேர் இப்படியும் பழகி வந்திருந்தால் நடுவில் மோதல்தான்.

நீள்வரிசையில் அடுத்தடுத்த இரண்டு ஜோடிகள் சேர்ந்து ஆடும். ஒவ்வொரு சுற்றிலும் அவற்றில் முதல் ஜோடி ஓரிடம் கீழே இறங்கும், இரண்டாம் ஜோடி ஓரிடம் மேலேறும். முனைக்கு வந்த ஜோடி ஒரு சுற்று சும்மா நிற்க வேண்டும். நிலைகுலைவு தொடங்குவது அங்கேதான். ஆணும் பெண்ணும் இடம் மாறி நின்று ஆடும் நடனமானால், சும்மா நிற்கும் அந்தச் சுற்றில் இருவரும் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். பேச்சில் மறந்துவிட்டு மறுபடி உள்ளே நுழைந்தால் ஆண் இருக்க வேண்டிய இடத்தில் பெண் நிற்பார், நான்கு பேர் திகைப்பார்கள். முனையில் நிற்பவர் முதல் எட்டுக் காலடிக்குள் மாறிவிடுவது என்று பழக்கப்படுத்திவிட்டால் பிழைக்கலாம்.

32 பார் (தாளப் பகுதி) கொண்ட வழக்கமான மெட்டுக்கு ஒரு சுற்றில் 64 காலடி. நான்கு ஜோடி எல்லோரும் பழைய இடத்துக்கு வர எட்டுச் சுற்று வேண்டும். நிமிடத்துக்கு 112 காலடி வேகத்தில் நாலரை நிமிடத்துக்குச் சற்று மேல். மேடைக்கு அது போதும், அதற்கு மேல் பார்ப்பவர் கண் அலையும். ரீஜென்சி அரங்கில் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கியதில்லை. வரிசையின் மேல்முனையில் நிற்கும் ஜோடி, அடுத்து நிற்பவர்களோடு மட்டும் ஆடத் தொடங்கும். மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு, தங்கள் முறை வரும்போது சேர்ந்துகொள்வார்கள். மேடையிலும் அப்படியே தொடங்குவது நல்லது. பார்ப்பவருக்கு நகர்வு ஒவ்வொன்றாகப் புரியும், பஸ்க் கட்டியவர்களுக்கு மூச்சும் மிஞ்சும்.

வாத்தியக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. முழு உடுப்பில் வேகத்தை 112இலிருந்து 104 வாக்கில் இறக்கிக்கொள்ளட்டும். எங்கே உட்காருவது என்பதும் அவர்களே முடிவு செய்யும் விஷயமல்ல. வரிசையில் 'மேலே' என்பது இசை வரும் பக்கம். பயிற்சியில் ஒலிப்பெட்டி ஒரு மூலையில் இருந்து, மேடையில் ஃபிடில்காரர் எதிர்மூலையில் உட்கார்ந்தால், மேலே போக வேண்டியவர்களில் இரண்டு பேராவது கீழே கிளம்புவார்கள். பயிற்சிக் கூடத்திலேயே அவருக்கு ஒரு நாற்காலியை அதே பக்கத்தில் போட்டு வையுங்கள், ஆள் வராத நாளிலும். வணக்கம்.